அறுபது கேள்வி ரங்கசாமி

பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் வருகைப் பதிவு எழுதி ஓய்வு பெற்றவர் ரங்கசாமி. யார் எத்தனை நிமிஷம் தாமதம் என்று குறித்து வைத்ததிலேயே மனிதர்களை முழுக்கப் படித்துவிட்டதாக அவருக்கு ஒரு நம்பிக்கை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் எதிர்வீட்டுக்குக் குடிவந்த வருஷம், தெப்பக்குளத்துப் பழைய புத்தகக் கடையிலிருந்து ஓர் இங்கிலீஷ் புத்தகம் வாங்கி வந்தார். அதில் அறுபது கேள்விகள் இருந்தன. பதில்களைக் கூட்டிப் பார்த்தால் ஒருவருடைய குணம் தெரியும். குணம் தெரிந்தால் எந்த வேலைக்கு லாயக்கு என்பதும் தெரிந்துவிடும்.

குணம் நாலு வகை என்பார்: ஆளும் குணம், கைவேலைக் குணம், கணக்குக் குணம், அடங்கிய குணம். மனைவி மயிலம்மாளுக்கு அடங்கிய குணம் என்று முதல் நாளே தீர்ப்பாயிற்று. கேட்டவுடன் காப்பி வந்ததுதான் ஆதாரம்.

திருவெறும்பூரில் பெரிய தொழிற்சாலை வருகிறது என்று ஊரே பேசிய நேரம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தகப்பன்மார் அவர் வீட்டுக்கு வந்தார்கள். ரங்கசாமி பிள்ளையைப் பார்த்துக் கேள்வி கேட்பார். தகப்பன் பதில் சொல்வார். "அவனுக்கு என்னங்க தெரியும், நான் சொல்றேன்." ரங்கசாமியும் அதையே தன் நோட்டில் எழுதிக்கொள்வார். நெருப்பைக் கண்டால் ஒதுங்கும் ஒரு பையனை இப்படித்தான் வெல்டிங் வேலைக்கு அனுப்பி வைத்தார்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம்.

எடமலைப்பட்டி புதூரில் மளிகைக் கடை வைத்திருந்த வெள்ளைச்சாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்தார். வள்ளிக்கண்ணுக்குப் பத்தொன்பது வயது. டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குத் தேர்வாகிவிட்டாள். வியாழக்கிழமை மெட்ராஸில் பயிற்சிக்குச் சேர வேண்டும். அனுப்பலாமா என்று ரங்கசாமி சொன்னால்தான் வெள்ளைச்சாமி அனுப்புவார்.

"புது ஆளுங்ககிட்டப் பேசப் பிடிக்குமா?" என்று ரங்கசாமி கேட்டார்.

வெள்ளைச்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "சேச்சே, அந்த மாதிரிப் பழக்கமெல்லாம் எங்க வீட்டுல கிடையாதுங்க."

"கூட்டமா இருக்கிற இடம் பிடிக்குமா?"

"வாசல்ல கூட நிக்காதுங்க."

குணத்தைப் பற்றிய கேள்விகள் தகப்பன்மார் காதில் நடத்தையைப் பற்றிய கேள்விகளாகவே விழுந்தன. ஆகவே ரங்கசாமியிடம் வந்த பெண்கள் எல்லோருக்கும் ஒரே குணம். இத்தனை பெண்கள் அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறார்களே என்று அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆராய்ச்சி சரியாகப் போகிறது என்றுதான் நினைத்தார்.

"அடங்கிய குணம். டெலிபோனுக்கு ஆகாது. தையல் சொல்லிக் கொடுக்கலாம்" என்று முடித்தார்.

வள்ளிக்கண்ணு நிமிர்ந்தாள். "கடையில நாள் முழுக்க நான்தானேப்பா பேசுறேன்?"

"பெரியவங்க முன்னால என்ன பேச்சு? வாயை மூடு."

அவள் மூடவில்லை. ரங்கசாமியின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "பதில் சொல்ல வேண்டியவர் தனியா உக்காந்து தானே எழுதணும்னு போட்டிருக்குங்க."

"அது வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்கும்மா" என்று ரங்கசாமி புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வள்ளிக்கண்ணு வழக்கம்போலக் கடையில் உட்கார்ந்தாள். ஆனால் பேசவில்லை. துவரம்பருப்பு என்ன விலை என்று கேட்டவர்களிடம் தலையைக் குனிந்துகொண்டாள். மதுரை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வரும் கூட்டம் அவளுடைய கூப்பாட்டுக்குப் பழகிய கூட்டம். அந்தக் குரல் கேட்காததால், கடை மூடிக் கிடப்பதாக நினைத்து அடுத்த கடைக்குப் போயிற்று. பழைய வாடிக்கைக்காரி பாப்பாயி மட்டும் எட்டிப் பார்த்து, "பொண்ணுக்குத் தொண்டை கட்டிக்கிச்சாங்க?" என்று விசாரித்தாள். வெள்ளைச்சாமி தானே விலை சொல்லப் பார்த்தார். புளிக்கும் சீரகத்துக்கும் என்ன விலை என்றே அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர் கத்தினார். "பேசித் தொலையேன்டி!"

"எனக்கு அடங்கிய குணமாமேப்பா. நீங்கதானே அறுபதுக்கும் பதில் சொன்னீங்க."

வெள்ளைச்சாமி வெகுநேரம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகளிடம் தோற்றது உறைத்ததைவிட, ரங்கசாமியிடம் என்ன சொல்வது என்பதுதான் அவரை வாட்டியது. கடைசியில், "நாளைக்கு ராத்திரி வண்டிக்குப் பெட்டியைக் கட்டு" என்றார்.

திருச்சி ஜங்ஷனில் வண்டி நகரும்போது, டெலிபோன் ஆபரேட்டராகப் போகும் மகளுக்கு அவர் சொல்லி அனுப்பிய புத்திமதி ஒன்றுதான்: "போற இடத்துல யார்கிட்டயும் பேசாதே, தெரியுதா?"

வள்ளிக்கண்ணு வேலையில் சேர்ந்து இப்போது நாலு வருஷமாகிறது. திருச்சிக்கே மாற்றலாகி வந்து, ஒரு நாளைக்கு இருநூறு பேருடன் பேசுகிறாள். இதை ரங்கசாமியிடம் யாரோ சொன்னார்கள். அவர் தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், எதையும் அடித்து எழுதவில்லை. பாவம், அந்தப் பெண் தப்பான வேலையில் மாட்டிக்கொண்டு கஷ்டப்படுகிறாள் என்று வருத்தப்பட்டார்.