விலகிப் படுத்த பதினாலு மாசம்

மெக்ஸிகோவில் மலைமேல் இருக்கும் தன் ஊருக்கும் வஹாக்கா நகரத்துக்கும் இடையே வேன் ஓட்டுகிறவன் எலாதியோ. வாய் ஓயாத ஆள். கோழிக்கூடையோடு ஏறுகிற கிழவியிலிருந்து பாதிரியார் வரை எல்லார் கதையும் அவனுக்கு அத்துப்படி. அவன் கதையில்தான் ஒன்று ஊருக்குத் தெரியாது. முதல் மனைவி இருந்தபோது, இரண்டு பிள்ளை போதும் என்று நகரத்தில் போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவன் அவன். வெளியே தெரிந்தால் காயடித்த காளை என்று பேர் வைத்துவிடுவார்கள். அந்த மனைவி பிள்ளைகளோடு எல்லை தாண்டி வடக்கே அமெரிக்காவுக்குப் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். பன்னிரண்டு வருஷம் கழித்து, ரொட்டி சுட்டு விற்கும் ரெய்னாவைக் கட்டினான். அவளுக்கு முப்பத்தைந்து வயது. கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"வெட்டினதை ஒட்ட முடியாதா?" என்றுதான் அவள் கேட்டாள்.

ஒட்டினார்கள். ஆகஸ்டில் ஆபரேஷன். ஊருக்குக் குடலிறக்கம் என்று கதை விட்டான். நவம்பரில் பரிசோதனைத் தாளைப் பார்த்து டாக்டரம்மா சிரித்தார்.

"உயிரணு வருது, நல்லா ஓடவும் செய்யுது. ஆனா ஒட்டின இடத்துல தழும்பு ஏறி மறுபடி அடைச்சுக்கலாம். தள்ளிப் போடாதீங்க. இல்லேன்னா கொஞ்சம் எடுத்து உறைய வச்சுக்கலாம்."

"என் பிள்ளை என்ன ஐஸ்ல வைக்கிற மீனா டாக்டரம்மா?" என்றான். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து ஊர் வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினான், பாவி.

டிசம்பர் முதல் ஞாயிறு ஊர்க்கூட்டம். கோயிலில் இருக்கும் மரத்தால் ஆன குழந்தை இயேசுவை, ஒரு பிப்ரவரித் திருநாளிலிருந்து அடுத்த பிப்ரவரித் திருநாள் வரை ஒரு வீடு ஏற்றுப் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டில் கட்டித் தாலாட்ட வேண்டும், புதுச்சட்டை தைத்துப் போட வேண்டும். டிசம்பர் கூட்டத்தில் பெயர் சொன்ன அன்றிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்வரை புருஷனும் பெண்டாட்டியும் விலகிப் படுக்க வேண்டும். மொத்தம் பதினாலு மாசம்.

ஊர்த்தலைவர் அனாக்லெத்தோ எலாதியோ பெயரைச் சொன்னார். பக்கத்தில் இருந்த சிநேகிதன் நபோர் முழங்கையால் இடித்தான்.

"கொடுத்து வச்சவன்டா மாப்ளே. போன தடவை குழந்தையை வச்சிருந்த வீட்டுல இப்ப ரெட்டைப் பிள்ளை."

அடுத்த வருஷம் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அத்தனை ஆம்பளைகள் முன்னால் அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்தான். அங்கே அதுதான் சம்மதம்.

"டாக்டரம்மா தள்ளிப் போடாதேன்னாங்களே" என்றான் வீட்டில்.

"டாக்டரம்மாவைப் படைச்சவரே நம்ம தொட்டில்ல வந்து படுக்கப் போறாரு. வேண்டாம்னு சொல்ல உனக்கு மனசு வருதா?" என்றாள் ரெய்னா. அவளுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அவனும் நம்பிவிட்டான்.

பாயைத் தூக்கிக்கொண்டு ரொட்டி அடுப்பு இருந்த கொட்டகைக்குப் போனான். ரெய்னா எதைத் தைத்தாலும் இரண்டாகத் தைத்தாள். ஒன்று மரக்குழந்தைக்கு, இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் பெரிதாக. பெரியதைப் பெட்டியில் மடித்து வைத்தாள். ஊரார் கண்ணை மறைத்து விதியை மீறியிருக்கலாம்தான். தொட்டிலில் கிடப்பவர் கண்ணை எப்படி மறைப்பது என்று இரண்டு பேருக்கும் பயம்.

பதினாலு மாசம் முடிந்து, பிப்ரவரியில் மேளதாளத்தோடு குழந்தையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார்கள். பாய் வீட்டுக்குள் வந்தது. நாலு மாசம் பார்த்துவிட்டு ஜூனில் நகரத்துக்குப் போனார்கள். டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஒண்ணுகூட இல்லை. அடைச்சிருச்சு."

"எப்போ?" என்று கேட்டான்.

"அதைச் சொல்ல முடியாதுப்பா. இதுக்கு நடுவுல என்னிக்கோ. மறுபடி திறந்து பார்க்கலாம். ஆனா நம்பிக்கை குடுக்க மாட்டேன்."

"போதும், இனி கத்தி வேண்டாம்" என்று ரெய்னா எழுந்துவிட்டாள்.

திரும்பும்போது மலைவளைவில் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து எலாதியோ அழுதான். ரெய்னா அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவனைத் திட்டவில்லை, சாமியையும் திட்டவில்லை. அவன் அழுது ஓய்ந்ததும், "குழந்தையை மறுபடி நம்ம வீட்டுக்குக் கேளு" என்றாள்.

டிசம்பர் கூட்டத்தில், தலைவர் பெயர் சொல்லும் முன்பே எலாதியோ எழுந்தான்.

"எங்க வீட்டுக்கே குடுங்க."

கூட்டம் சிரித்தது. "பிள்ளைக்கு ஏங்கிக்கிட்டு இருக்கறவன் மறுபடி பாயைத் தூக்கிக்கிட்டுப் போறேங்கறியே மாப்ளே, உனக்கென்ன கிறுக்கா?" என்றான் நபோர்.

"நான் வெட்டிக்கிட்டவன்" என்றான் எலாதியோ. "முதல் பொண்டாட்டி இருக்கும்போதே. ரெய்னாவுக்காக மறுபடி ஒட்டிக்கிட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க என் பேரைச் சொன்ன அன்னிக்கு வழி திறந்துதான் இருந்துச்சு. இப்ப மூடிக்கிச்சு. இனி எங்க படுத்தாலும் எங்களுக்கு ஒண்ணுதான்."

காயடித்த காளை என்று யாரும் சொல்லவில்லை. நபோர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் பக்கம் ரெய்னா, பெட்டியிலிருந்து எடுத்து வந்த பெரிய சட்டையை மடியில் வைத்திருந்தாள். மரக்குழந்தைக்கு அளவு குறைத்துக்கொள்ளலாம் என்று காலையில் சொல்லியிருந்தாள்.

அனாக்லெத்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். "அடுத்த வருஷத்துக்கு மாத்தி விட்டிருப்போமே."

எலாதியோ தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்தான்.