கசட்டில் மிஞ்சிய காதல் பாட்டு

போன கிழமை றோசலின் தொலைபேசி எடுத்தாள். என் கூட்டாளி சேவியரின் மனைவி. சேவியர் கண்ணை மூடி நாலு மாதமாகிறது. "அண்ணை, அந்தப் பழைய கசட் உங்களிட்டைத்தானே கிடக்கு? அவர் பாடினது அதிலை இல்லையெண்டு தெரியும், நான்தானே அழிச்சனான். எண்டாலும் அவர் கேட்ட கசட் எல்லே, ஒருக்காக் கேக்கோணும் போல கிடக்கு" என்றாள்.

ஒஸ்லோவின் வெஸ்ட்லிப் பகுதியில் என் வீட்டுக் கீழறையில் பழைய பெட்டியைத் திறந்ததும் சவர்க்கார மணம் வந்தது. பிரமையாகவும் இருக்கலாம், வயது போனால் மூக்கும் பொய் சொல்லும். சேவியரும் நானும் ஒஸ்லோவில் முதன்முதல் வேலை பார்த்தது ஒரு சலவைக்கூடத்தில். ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்க வேண்டும், ஆளுக்கு இரண்டு மூலை. அங்கே வான் ஓட்டிய நோர்வேக்காரர் ஒருவர் நாள் முழுக்கக் கன்ட்றி பாட்டுப் போடுவார். நம்முடைய நாட்டார் பாட்டென்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் மாடு மேய்க்கிறவர்கள் கிட்டாரை வைத்துக்கொண்டு காதலியை நினைத்து அழுகிற பாட்டு. எங்களுக்கு ஆங்கிலமும் மட்டு, நோர்வேஜியனும் மட்டு. ஆனாலும் ஒருத்தி எங்கேயோ தூரத்தில் இருக்கிறாள், ஒருத்தன் இங்கே கிடந்து உத்தரிக்கிறான் என்பது விளங்கிவிடும்.

சேவியருக்கு அது நன்றாகவே விளங்கியது. றோசலின் அப்போது விசாவுக்காகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்துக்கிடந்தாள். மன்னாரில் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவன் அவன். "மச்சான், மெட்டு என்னட்டை இருக்கு. நீ சொல்லைப் போடு" என்றான். எனக்குக் காதலியும் இல்லை, கவிதையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரைக்குப் பரிசு வாங்கியதை அவனிடம் அளந்துவிட்டிருந்தேன், அதன் வினை. விரிப்பு மடிக்க மடிக்க யோசித்து எழுதினேன்:

கடைசித் தரிப்பிலே இறங்கி நிற்கிறேன்,
பனியும் என்னோடு நிற்கிறது.

"பனிக்குக் கால் இருக்கோடா?" என்று சிரித்தான். ஆனாலும் அதைத்தான் பாடினான். ஒஸ்லோவின் அம்மருட்டில் நாங்கள் இருந்த அறையில், கசட் போடுகிற என் ரேடியோவில் பதிந்தோம். அடுத்த நாள் கொழும்புக்குப் போன ஒருவரிடம் கசட்டைக் கொடுத்துவிட்டோம்.

அந்தக் காலத்தில் கசட்டில்தான் கடிதம். வந்ததைக் கேட்டு முடித்ததும், அதன் மேலேயே பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். எல்லார் வீட்டிலும் அதுதான் வழக்கம், றோசலினும் அப்படித்தான் செய்தாள். பாட்டுக் கட்டிய இரண்டு மேதாவிகளுக்கும் ஒரு பிரதி எடுத்து வைக்கத் தோன்றவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. சேவியரோ, "பாட்டுப் போனாப் போகட்டும் மச்சான், அவள் கதைச்சிருக்கிறாளெல்லோ" என்றான். வெட்கத்தில் அவள் கொஞ்சமாகத்தான் பேசியிருந்தாள். "சரி, வைக்கிறன்" என்று அவள் சொன்னதும் அவன் உடனே திருப்பிச் சுற்றி, மறுபடி முதலிலிருந்து கேட்பான். ஒருநாளும் அதற்கப்பால் ஓடவிட்டதில்லை, அதன் மேல் பதில் பதியவும் விட்டதில்லை.

பிறகு அவள் வந்து சேர்ந்தாள், கசட் என் ரேடியோவோடு என்னிடமே தங்கிவிட்டது. பிள்ளைகள் பிறந்தார்கள். அவனுக்கு பஸ் ஓட்டம், எனக்கு வைத்தியசாலைச் சமையலறை. வேலை முடிந்து வந்தால் சப்பாத்தைக் கழற்றவே அலுப்பாயிருக்கும், இதில் பாட்டெங்கே. மெட்டு அவனுக்கு மறந்தது, சொல் எனக்கு மறந்தது. மேலே எழுதிய இரண்டு வரிதான் மிச்சம். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை றோசலின் வந்தாள். பழைய ரேடியோவைத் துடைத்துக் கசட்டைப் போட்டேன். "இஞ்சை நான் சுகம். பாட்டு வந்தது. பக்கத்து அறை அக்காவும் கேட்டவ" என்று ஒரு சின்னப் பெட்டையின் குரல் தயங்கித் தயங்கிச் சொன்னது. றோசலின் தன் குரலைத் தானே தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி, வைக்கிறன்."

திருப்பிச் சுற்றுகிறவன் இல்லை. எங்கள் இருவருக்கும் கை எழவில்லை, கசட் அதன்பாட்டில் ஓடியது. டொக்கென்று ஒரு சத்தம். பிறகு கிட்டார். பாட்டின் கடைசிச் சொல்லை இழுத்து முடித்துவிட்டு சேவியர் இருமினான். "மச்சான், சரியா வந்திட்டுதோ?"

றோசலின் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"காணுமடா, இது போதும். இப்ப இதை அனுப்பு" என்றது இன்னொரு குரல். அவசரக்காரக் குரல், என்னுடையது. "வாற சனிக்கிழமை வடிவா இன்னொருக்காப் பாடி எடுப்பம்."

அதற்குப் பிறகு வெறும் இரைச்சல். நிறுத்தப் போனேன். "நிப்பாட்டாதேங்கோ அண்ணை" என்றாள். கசட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.