புதிய சிஸ்டத்தின் முதல் அறிவித்தல்

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு சின்ன அச்சுக்கடை. கலியாணக் கார்ட் அடிப்போம், பரீட்சைத் தாள் அடிப்போம். ஆனால் எங்களுக்குச் சோறு போட்டது மரண அறிவித்தல்தான். காலையில் ஒருவர் கண்ணை மூடினால் மத்தியானத்துக்குள் அவருடைய படம், தெருக் கழுதைகள் கிழித்துத் தின்ன எட்டாத உயரத்தில், மின்கம்பங்களில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். என் கணவர் அதில் சூரன். நான் போட்டோக்கொப்பி எடுப்பேன், காசு வாங்குவேன், அவ்வளவுதான்.

போன வருடம் எங்கள் மடிக்கணினி திணறத் தொடங்கியது. அதில் இருந்த பழைய சிஸ்டத்துக்கு இனிப் பாதுகாப்புக் கிடையாது என்று திறக்கும்போதெல்லாம் எச்சரிக்கை வரும். வருகிறவர்களும் பென்டிரைவில் வைரசைச் சேர்த்தே கொண்டுவந்தார்கள். அதன் புதிய பதிப்பைத் தாங்க அந்தக் கிழட்டு மெசினுக்கு வலு இல்லை.

வினாத்தாள் அடிக்க வரும் கணினி ஆசிரியர்தான் வழி சொன்னார். "அண்ணை, காசில்லாமல் வேற சிஸ்டம் ஒண்டு கிடைக்குது. இந்த மெசினுக்கு அது காணும். நான் வந்து போட்டுத் தாறன்."

"வேண்டாம் சேர்" என்றார் கணவர்.

விடாமல் ஆசிரியர் பென்டிரைவில் இருந்தே அதை ஓட்டிக் காட்டினார். பழைய அறிவித்தல் ஒன்றைத் திறந்தோம். தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கொட்டிக் கிடந்தது. பழைய எழுத்துருவும் அதன் விசைகளும்தான் என் கணவரின் விரல்களுக்குத் தெரியும். புதியதில் கைபேசியில் அடிப்பதுபோல அடிக்கவேண்டும். அது எனக்கு வரும், அவருக்கு வராது.

அதற்குள் அவருடைய கிட்னி இரண்டும் பழுதாகியிருந்தன. இரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் மறுநாள் முழுவதும் படுக்கைதான். நெஞ்சும் பலவீனமாகிவிட்டது, கனகாலம் இல்லை என்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

சிஸ்டத்தை மாற்றினால் கடை என் கைக்கு வரும். மாற்றாவிட்டால் அவரோடு கடையும் போகும். பிள்ளை குட்டி இல்லாத நான் பிறகு எங்கே போவது? ஆனால் மாற்றுங்கள் என்று கேட்பது, சாக ஆயத்தமாகுங்கள் என்று சொல்வது மாதிரி. அதனால் கேட்கவில்லை. அந்தக் கோபத்தையெல்லாம் சட்டி பானையில் காட்டினேன். அவை என்ன பாவம் செய்தனவோ!

ஒருநாள் அவரே சொன்னார். "இஞ்சேரும், அந்தச் சேரை வரச் சொல்லும். உம்மடை சட்டிச் சத்தம் தாங்கேலாமல் கிடக்கு."

ஆசிரியர் வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதியதைப் போட்டுவிட்டுப் போனார். பிறகுதான் சிக்கல் தெரிந்தது. எங்கள் தொழிலில் அறிவித்தலை யாரும் புதிதாகச் செய்வதில்லை. நேற்றுச் செத்தவருடையதைத் திறந்து, படத்தையும் பேரையும் மாற்றினால் இன்று செத்தவருடையது. புதிய சிஸ்டத்தில் திறப்பதற்கு ஒரு செத்தவரும் இல்லை. முதலில் ஒன்றைச் செய்து வைக்கவேண்டும்.

"ஆற்றை பேரைப் போடுறது? உங்கடை ஐயாவின்ரை பேரைப் போடுவமே?" என்று, எப்போதோ செத்துப்போன அவருடைய தகப்பனை நினைத்துக் கேட்டேன்.

"அந்த மனுசனை ஏன் ரெண்டாந்தரம் சாகடிக்கிறீர்? என்ரை பேரைப் போடும்."

"உங்கடை வாயில நல்ல சொல்லே வராதோ?" என்று கத்தினேன்.

"அடியும். எப்பிடியும் நீர்தானே அடிக்கோணும்."

அடித்தேன். விசைகள் இறுக்கம் என்று முறையிட்டபோது, "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று சிரித்தார். சிலுவையைச் சின்னதாக்கச் சொன்னார். மீசைக்கு மை பூசிய படத்தைத் தெரிவுசெய்து தந்தார். 'பாசமிகு தந்தையும்' என்ற வரி வந்ததும் நான் நிறுத்தினேன்.

"அதை விடும். வாறவைக்குத் தேவைப்படும். என்ரையை ஒட்டேக்க மட்டும் எடும்."

திகதிக்கு மட்டும் இடம் விட்டோம்.

அதிக நாள் காத்திருக்கவில்லை. அவர் போன காலையில் வீட்டில் பெண்கள் அழுதுகொண்டிருக்க, நான் கடைக்குப் போய்த் திகதியைப் போட்டு, தந்தை வரியை எடுத்து, அச்சடித்தேன். வேறு யார் அடிப்பது?

அடக்கம் முடிந்த சில நாளில் நறுவிலிக்குளத்தில் இருந்து ஒருவர், தகப்பனின் படத்தோடு வந்து நின்றார். "அக்கா, கெதியாத் தாங்கோ, ஒட்டப் போகோணும்."

திறப்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மைபூசிய மீசையை எடுத்துவிட்டு அந்தப் பெரியவரின் படத்தை வைத்தேன். கணவரின் பேரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். 'அன்புக் கணவரும்' என்ற வரியில் என் பேர் இருந்தது. அதையும் அழித்தேன். எடுத்திருந்த தந்தை வரியைத் திரும்பப் போட்டேன்.

"பிள்ளையளின்ரை பேரைச் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் ஐந்து பேரைச் சொன்னார். சொல்லச் சொல்ல அடித்தேன்.