இடுப்பில் கட்டிய பேசின்

தூண்டில் சாமான் கடை வைத்திருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. தூண்டிலின் நைலான் நரம்பில் சிக்கெடுத்தே நகம் தேய்ந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் வயிற்றெரிச்சல் உடனே புரியும்.

செருப்புக்கடியில்

ஆண்டிபட்டிக்குச் செல்போன் வந்த புதிது. கம்பம் பக்கத்து ஏலக்காய்த் தோட்ட மேனேஜர் செல்வராஜ் சார் ஒரு வெளிநாட்டுத் தூண்டில் கம்போடு என் கடைக்கு வந்தார். முன்பக்கம் கொஞ்ச தூரத்துக்குக் கனமான கயிறு, நுனியில் இறகு கட்டிய தூண்டில் முள். பின்பக்கம் முழுக்க மெலிசான நரம்பு. கயிறு பறக்கும்போது, உருவி வைத்திருக்கும் நரம்பு தடங்கலில்லாமல் பின்னாலேயே ஓட வேண்டும். ஓடினால் எங்கள் ஊர்க் கண்மாய் நடுவிலுள்ள தாமரைத் திட்டு வரை போகலாம். அங்கேதான் தொடை தண்டி விரால் ஒன்று புரண்டுகொண்டிருந்தது.

கண்மாய்க் கரையில் நின்று, சார் நரம்பைக் காலடியில் உருவிப் போட்டுக்கொண்டு ஆவேசமாக வீசினார். பாதி தூரத்தில் கயிறு வெடுக்கென்று நின்றது. நரம்பின் மேல் சாரின் செருப்பு! அடுத்த வீச்சில் கருவேல முள். கண்மாய்க் குத்தகைக்காரர் மாயாண்டி கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். "அடுத்த வாரம் திங்கக்கிழம வலை விட்டு மொத்தத்தையும் அள்ளப்போறேன். ஒங்க வித்தைய அதுக்குள்ள காட்டிருங்க சார்."

வீட்டுப் பேசின்

எங்களுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிறு. "எங்க தோட்டத்துல காய் எடுக்குறவுக இடுப்புலதானண்ணே பை கட்டுறாக? நாமளும் நரம்ப அங்கனயே வச்சுக்குவம்" என்றார் சார். வீட்டிலிருந்து பிளாஸ்டிக் பேசினைக் கிளப்பிவந்து அவர் இடுப்பில் துண்டால் கட்டிவிட்டேன்.

கடைக்குப் பின்னாலுள்ள காலி மனையில் வீசிப் பார்த்தோம். நரம்பு மிதிபடவில்லை, முள்ளில் மாட்டவில்லை. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த சுருள்கள் மொத்தமாகக் கிளம்பி, கம்பில் நரம்பு நுழைந்து போகும் முதல் வளையத்தில் கொத்தாக அடைத்துக்கொண்டன. சிக்கெடுத்து முடிப்பதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேசினைத் தேடிவந்த என் மனைவி எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "மீனு வராட்டி ரெண்டு பேருக்கும் இதுலதான் சோறு."

சர்ர்ர்!

மறுநாள் ஆணியைக் காய்ச்சிப் பேசின் அடியில் வரிசையாக ஓட்டைகள் போட்டேன். ஒவ்வொன்றிலும் தடித்த நரம்புத் துண்டை நாற்று நட்ட மாதிரி நிறுத்தினேன். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அவற்றுக்கு இடையில் உட்கார்ந்தன. நரம்பை இரண்டு தென்னைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, அதன் சுருட்டலையும் எடுத்தோம்.

ஞாயிறு வந்தது. சார் வீசினார். சர்ர்ர்ரென்று பேசின் காலியாகிக்கொண்டே போனது! திட்டுக்கு அந்தப் பக்கம் இறகு விழுந்தது. அவர் நரம்பை மெல்ல மெல்ல இழுத்தார். தண்ணீர் டபக்கென்று வாய் திறந்தது. "மாட்டிருச்சு!" என்று கத்தியது நான்தான். அவ்வளவு சந்தோஷமாக நான் என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

விராலைக் கரையில் போட்டோம். மாயாண்டி அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. சாரின் இடுப்பருகே குனிந்து பேசினையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பினார். "வலைய ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்குறேன். எனக்கும் இதே மாதிரி ஒண்ணு ஓட்ட போட்டுக் குடுங்கண்ணே."

அந்த வருஷம் என் கடையில் தூண்டிலைவிட ஓட்டைப் பேசின்தான் அதிகம் போயிற்று, என் வீட்டில்தான் துணி அலசக்கூட ஒன்று தங்கவில்லை.