செல்வியின் கன்னமும் டாக்டர் அலமேலுவும்

தோல் டாக்டர் அலமேலு போய்விட்டார் என்று மாட்டுங்கா பூக்காரிதான் சொன்னாள். சாமிக்கு வாங்கிய மாலையை அவர் வீட்டுக்கே எடுத்துப் போனேன். சாமி கோபித்துக்கொண்டிருக்காது. அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட உங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கதை இருக்கும். இது என்னுடையது.

அறுபதுகளில் நாங்கள் பம்பாய் தாராவியில் இருந்தோம். என் மகள் செல்விக்குப் பிறந்தது முதல் கன்னத்தில் நீலமாக ஒரு புடைப்பு. அழுதால் பெரிதாகும். அதனால் அவளை அழவே விடமாட்டேன். முகம் கோணுவதற்குள் மிட்டாய் வாயில் இருக்கும். என் நாத்தனார் பார்வதிக்குக் காரணம் தெரியும். "கிரகணத்தன்னைக்கு அருவாமணையத் தொட்டியேட்டி, அதாம் பிள்ளை மூஞ்சியில வந்து நிக்கி." ஐந்து வருஷம் நானும் அதை நம்பி மனசுக்குள் குமைந்தேன். பிறகு அவளே, "இது கட்டிதாம், கீறிவிட்டாச் சரியாப் போவும்" என்று, கட்டி கீறுகிற ஒருவரிடம் பேசி நாளும் குறித்துவிட்டாள். அதற்கு முதல் நாள் சாயங்காலம் செல்வியைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். பார்வதியும் விடாமல் கூடவே வந்தாள்.

டாக்டர் புடைப்பை விரலால் அழுத்தினார். அமுங்கியது; விரலை எடுத்ததும் மெல்ல நிரம்பியது. உள்ளே துடிக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார், இல்லை. பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கால் கட்டைவிரலை யார் முதல்ல தொடறா, பாக்கலாமா?" என்று செல்வியோடு தானும் குனிந்தார். கனத்த சரீரம்; பாதி வழியிலேயே நின்றுவிட்டார். செல்வி தொட்டாள். கன்னம் கருநீலமாக உப்பியது, நிமிர்ந்ததும் வற்றியது.

"குனிஞ்சா பெருத்து நிமிந்தா சுருங்கற கட்டி உண்டா? இது ரத்தக் குழாய். கருவிலேயே அகலமா அமைஞ்சுபோச்சு. கத்தி வெச்சா ரத்தத்தை நிறுத்த முடியாது" என்றார்.

"அப்பம் கிரகணத்தன்னைக்கு இவ அருவாமணையத் தொட்டது?" என்றாள் பார்வதி.

"எம் பிள்ளைக்கும் இதே வயசுதான். அந்தக் கிரகணத்தன்னிக்கு நான் கத்தரிக்காய் நறுக்கிக் கொழம்பே வெச்சேன். அவன் முகத்தில ஒண்ணுமில்லை, வாய்தான் நீளம்."

பார்வதியே சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் சுமந்த பழியை ஒரு கத்தரிக்காய் இறக்கி வைத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அந்தக் குழாய்களுக்குள் சுருங்கவைக்கும் மருந்தை ஊசியால் ஏற்றினார், விட்டுவிட்டுப் பல தடவை. ஒவ்வொரு தடவையும் கன்னம் முதலில் வீங்கும், பிறகு வற்றும். "முழுக்கப் போகாது. சொன்ன பேச்சைக் கேக்கும், அவ்வளவுதான்" என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அப்படியேதான் ஆயிற்று. அவர் என்னைத் திட்டியது மிட்டாய்க்காக மட்டும்தான். "அழ விடும்மா. வீங்கினா தானே வத்திடும். நீ இப்படி அடைச்சு அடைச்சு பல்லும் போச்சு பாரு!"

மாலையைப் போட்டுவிட்டு வந்து செல்வியிடம் சொன்னேன். இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கன்னத்தில் அந்தப் பழைய நீலம் லேசாக எழும்பியது. டாக்டர் எனக்கு விட்டுப்போனது என்னவென்று அப்போது தெரிந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழவிட்டேன்.