வாரத்தின் எட்டாவது நாள்

பாலாற்று மணலில், சித்திரை வெயிலில், ஜரிகைப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு எங்கள் தாசில்தார் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. பக்கத்தில் மணியக்காரர், அவரும் கல்யாணப் பட்டில். எதிரே தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்த சாயபு, தம் நிக்காஹ் அன்று போட்ட ஷெர்வானியில். யார் வீட்டிலும் கல்யாணம் இல்லை. வெளுத்த துணிதான் இல்லை.

அப்போது நான் ஆம்பூர்ப் பக்கம் அந்தத் தாசில்தாரிடம் குமாஸ்தாவாக இருந்தேன். அந்தக் கோடையில் ஆற்று மணலைத் தோண்டி வெட்டிய ஊற்றுக்காலில் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர். வயலுக்குத் திருப்பினால் சாயபுவின் தோல்கள் கழுவ நீரின்றி அழுகும். ஷாப்புக்கு விட்டால் நெல் காயும். மண்வெட்டியை ஓங்கும் அளவுக்குச் சண்டை முற்றிவிட்டது. தாசில்தார் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, வாரத்தில் நான்கு நாள் வயலுக்கு, மூன்று நாள் ஷாப்புக்கு என்று தீர்த்து, ஊரெங்கும் தமுக்கு அடிக்கச் சொன்னார். எல்லோரையும் கலந்து முடிவெடுத்த பெருமை அவர் நடையிலேயே தெரிந்தது.

அதன்பின் யார் வீட்டுக்கும் வெளுத்த துணி வரவில்லை. கலெக்டர் துரை வரவிருந்த சமயம் வேறு. தாசில்தார் என்னை ஆற்றில் துணி வெளுக்கும் துறைக்கு விரட்டினார். அங்கே சலவைக்கார அம்மா துவைகல்லின் மேல் உட்கார்ந்து நிதானமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“நாங்க இன்னா சாமி பண்றது? நாலு நாளு அவங்களுக்கு, மூணு நாளு இவங்களுக்குன்னு தமுக்கு போட்டுட்டீங்க. சர்க்கார் உத்தரவை மீறலாமா? வாரத்துல எட்டாவது நாள்னு ஒண்ணு இருந்தா சொல்லுங்க, அன்னிக்கு வெளுத்துத் தர்றோம்” என்றார். குரலில் கேலியே இல்லை.

நான் அதை அப்படியே போய்ச் சொன்னேன். தாசில்தார் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். அப்புறம் கூடியதுதான் அந்தப் பட்டு வேட்டிக் கூட்டம். சலவைக்கார அம்மா மட்டும் மடிப்புக் கலையாத புடவையில் வந்திருந்தார். எங்கே துவைத்தார் என்று கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை.

“தோல் கழுவுறதை எங்க துறைக்குக் கீழே மாத்திக்கட்டும். வயலுக்கு விடுற நாள்ல ரெண்டு நாள் காலையில மட்டும் எங்க பக்கம் தண்ணி வரட்டும்” என்றார் அவர்.

“ரெண்டு நாள் ஜாஸ்தி” என்று வயல்காரர்கள் சார்பில் மணியக்காரர் இழுத்தார்.

சாயபு ஷெர்வானிக் கழுத்தைத் தளர்த்திக்கொண்டார். “பெருநாள் வருது, மணியக்காரரே. வெள்ளை ஜிப்பா இல்லாம நான் தொழுகைக்குப் போறதா? என் பக்கம் சம்மதம்.” பட்டுக்குள் வேர்த்துக் கொட்டிய மணியக்காரரும் கடைசியில் தலையை ஆட்டினார். கலெக்டர் வருவதற்குள் தாசில்தாரின் கோட்டு வெளுத்து வந்துவிட்டது.

அன்றிலிருந்து மாற்றலாகிப் போகும்வரை, “இன்னும் யாரை விட்டுட்டோம்?” என்று என்னைக் கேட்காமல் தண்ணீர்க் கூட்டம் எதற்கும் அவர் நாள் குறித்ததில்லை. இப்போது அப்படிக் கேட்கிற அதிகாரி யாரையும் நான் பார்க்கவில்லை. ஒருமுறை ஏரி மதகைப் பற்றிப் பேச ஊர் நாவிதரையும் வரவழைத்தார். நாவிதருக்கு மதகைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இல்லை. மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

“இவரை எதுக்கு எஜமான் கூப்பிட்டோம்?” என்றேன்.

தாசில்தார் தாடையைத் தடவிக்கொண்டார்.

“நாளைக்குக் காலையில எனக்குச் சவரம்” என்றார்.