கொடும்பாவிக்குப் போட்ட சட்டை

எனக்குப் புத்தி கொஞ்சம் மட்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடிப்பதைவிட அது மரியாதை. ஒன்பது வயதில், என் சித்தப்பா பெண் பார்க்கப் போட்டுக்கொண்டு போவதற்கென்று வைத்திருந்த புதுச்சட்டையை எடுத்து, ஒரு வைக்கோல் பொம்மைக்கு மாட்டி, கடைசியில் என் கையாலேயே அதற்குக் கொள்ளியும் வைத்தவன் நான். இதில் ஒரு வார்த்தை மிகை இல்லை. எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் இன்னும் இரண்டு சேர்த்துத்தான் சொல்வார்கள்.

திருச்சுழிக்கு மேற்கே கரிசல் காட்டுக்குள் எங்கள் ஊர். இரண்டாம் உலகச் சண்டைக்காலம். சண்டை எங்கேயோ நடந்தது. எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தது துணிப் பஞ்சம் மட்டும்தான். கிழிந்த சேலை பாவாடையாகும், பாவாடை தொட்டிலாகும், தொட்டில் எனக்குக் கோவணமாகும். அதற்குமேல் அது ஆவதற்கு ஒன்றுமில்லை.

சித்தப்பா அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. எங்களோடுதான் இருந்தார். உழைப்பில் நாலு ஆளுக்குச் சமம். உடம்பில் அரை ஆள். தூரத்தில் நின்றே விலா எலும்பை எண்ணிவிடலாம். அந்த வருஷம் சித்திரையில் காரியாபட்டிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் மாப்பிள்ளை பார்க்க வந்தது. சித்தப்பா வெற்றுடம்போடு கிணற்றடியில் மாடு கட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு, பையன் நல்ல பையன்தான், காத்தடிச்சா யாரு பிடிக்கிறது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கு ராத்திரி சித்தப்பா வழக்கத்தைவிட இரண்டு உருண்டை களி அதிகமாகத் தின்றார். அதற்கப்புறம் தினமும் தின்றார். உடம்பு அசைந்துகொடுக்கவில்லை.

அடுத்த இடம் எம்.ரெட்டியபட்டியில் அமைந்தது. இந்த முறை சட்டை போடாமல் தன் கொழுந்தனை எவர் முன்னாலும் நிறுத்தப் போவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா அருப்புக்கோட்டையில் சர்க்கார் கட்டுப்பாட்டுத் துணிக்கடை வாசலில் ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்று துணி வாங்கி வந்தார். தையல்காரரிடம், ஆளுக்கு அளவெடுக்க வேண்டாம், நல்லா தொளதொளவென்று தையுங்கள் என்று அம்மா சொன்னாள். பொத்தான் ஒன்று குறைந்தது. தன் பழைய ரவிக்கையிலிருந்து ஒரு பச்சைப் பொத்தானைப் பிய்த்து வைத்தாள். சட்டையைத் தகரப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்துவிட்டு, நாளுக்கு இரண்டு தரம் திறந்து பார்த்துக்கொண்டாள். அந்தச் சட்டைதான் கல்யாணம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதுதான் கொடுமை.

புரட்டாசி போய் ஐப்பசியும் பிறந்தது. ஒரு சொட்டு மழையில்லை. ஊரில் கொடும்பாவி கட்டினார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊரில் உள்ள பாவத்தை எல்லாம் ஒரு வைக்கோல் பொம்மையின் தலையில் கட்டி, கயிறு போட்டுத் தெருத்தெருவாக இழுப்போம். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். பிறகு கண்மாய்க்குக் கொண்டுபோய் எரித்தால் மழை இறங்கும். பொம்மைக்கு உடை மாட்டும் வேலை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வந்தது. வீடு வீடாகக் கேட்டோம். உயிரோடு இருக்கிறவர்களுக்கே துணியில்லை, பாவிக்கு எங்கே போவது? கொடும்பாவி அம்மணமாகக் கிடந்தாள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பெரிய வீட்டுப் பிள்ளை மாதிரி, எங்க வீட்டில் இருக்கு, கொண்டு வாரேன் என்றேன்.

என் கணக்கு சுத்தமாக இருந்தது. போன முறை மூன்று நாள் இழுத்த பிறகுதான் எரித்தார்கள். சித்தப்பா பெண் பார்க்கப் போவது மறுநாள் காலை. இன்றைக்கு மாட்டி, பொழுது சாயக் கழற்றி, தூசி தட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

"ஏலே, கொடும்பாவி பொம்பளைல்ல? சட்டை போடுவாளா?" என்று ஒருவன் கேட்டான்.

"இவ டவுனுக் கொடும்பாவிலே" என்றேன்.

நாலு தெரு இழுத்தோம். சட்டை கரிசல் மண்ணில் புரண்டு கறுப்பாகிப்போனது. பொழுது சாய்ந்தது. கழற்றலாம் என்று நெருங்கினேன். அப்போது ஊர்ப் பெரியவர் ஒருவர், மேற்கே மின்னுகிறது, இன்றைக்கே எரித்துவிடுவோம் என்றார். உடனே பெரிய ஆட்கள் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு கண்மாயைப் பார்த்து ஓடினார்கள். நான் பின்னால் ஓடினேன். ஓடும்போதே அழுகை வந்துவிட்டது. பொய் அழுகை இல்லை; ஏங்கி ஏங்கி, வாய் கோணி, தரையில் விழுந்து அழுதேன்.

கூட்டம் அசந்துபோனது. இவ்வளவு உருகி அழுகிற பிள்ளையை எங்கள் கண்மாய் அதற்கு முன் பார்த்ததில்லை. பச்சைப்பிள்ளை மனசு, இவன் அழுகைக்கு மழை நிச்சயம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இவன் கையாலேயே கொள்ளி வைக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. வேண்டாம், வேண்டாம் என்று கத்தினேன். பாசத்தில் கத்துகிறான் என்று இன்னும் உருகினார்கள். என் கையில் கொள்ளியைத் திணித்து, என் கையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வைக்கவைத்தார்கள்.

ஒப்பாரிக்காரிகளுக்கு நடுவில் அம்மாவும் இருந்தாள். தீ வெளிச்சத்தில் குனிந்து பார்த்தவள், மாரடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"பச்சைப் பொத்தான் நான் வச்சதுல்ல?" என்றாள்.

சுற்றியிருந்த பெண்கள் அதை ஒப்பாரியின் அடுத்த வரி என்று நினைத்துவிட்டார்கள். பச்சைப் பொத்தான் வச்சேனே என்று ஒருத்தி எடுத்துக் கொடுக்க, இருபது பேரும் மாரில் அடித்துக்கொண்டு பாடினார்கள். சட்டைக்கு அவ்வளவு பெரிய மரியாதை இந்த ஜில்லாவில் வேறெங்கும் நடந்திருக்காது.

வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டியதில்லை. அப்பா மாடு ஓட்டும் தார்க்குச்சியை எடுத்தார். இரண்டு அடி விழுந்த பிறகு சித்தப்பா அவர் கையைப் பிடித்தார்.

"விடுண்ணே. நான் துண்டைப் போத்திக்கிட்டு வாரேன்."

அடிகூட எனக்கு வலிக்கவில்லை. அந்தத் துண்டு வலித்தது.

காலையில் மாட்டுவண்டி பூட்டினார்கள். என்னை வீட்டில் விட்டால் வீட்டுக்கும் கொள்ளி வைத்துவிடுவேன் என்று அம்மா என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். சித்தப்பா துண்டை இழுத்து இழுத்து நெஞ்சை மூடியபடி உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் வானம் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் கொட்டத் தொடங்கி, பெண் வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது தெருவெல்லாம் தண்ணீர் ஓடியது. அப்படியொரு மழை. அம்மா தலையை வெளியே நீட்டி வாயைத் திறந்துகொண்டு சிரித்தாள். அப்பா என்னைப் பார்த்தார். அடிக்கவும் முடியவில்லை, கொஞ்சவும் முடியவில்லை.

பெண் வீட்டில் வரவேற்க ஆளில்லை. வீட்டை ஒட்டியே அவர்கள் வயல். வரப்பை உடைத்துக்கொண்டு வந்த முதல் தண்ணீரெல்லாம் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் தகப்பனாரும் அண்ணன்களும் அங்கே முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா பார்த்தார். பெண் பார்க்க வந்ததெல்லாம் மறந்துபோய், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குதித்தார். சட்டை இருந்திருந்தால் கறை படுமே என்று ஓரமாகத்தான் நின்றிருப்பார். ஒரு நாழிகையில் உடைப்பு அடைபட்டது, மழையும் தூறலானது. மேலே ஏறி வந்தபோது உடம்பு முழுக்கச் சேறு அப்பி, விலா எலும்பு ஒன்றுகூடத் தெரியாமல், ஆள் இரண்டு சுற்றுப் பெருத்துப் பயில்வான் மாதிரி இருந்தார்.

பெண்ணின் தகப்பனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பி, "இந்தத் தையிலேயே வச்சுக்கிருவமா?" என்றார்.

இதற்கிடையில் பெண்ணை யாரும் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். கூரைத் தண்ணீருக்கு அண்டாவை வைத்துவிட்டு, நனைந்துகொண்டே வாசலில் நின்று, சித்தப்பாவும் எங்கள் வண்டி மாடுகளும் நின்ற பக்கமே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா மேல் அவளுக்கு ஆசை விழுந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இந்த விஷயத்தில் எனக்கு அந்த வயதிலேயே நல்ல அனுபவம்.

தையில் கல்யாணம் முடிந்து சித்தி வீட்டுக்கு வந்தாள். அம்மாவும் அவளும் பருத்தி பிரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், எனக்கு வரவேண்டிய பெருமையை வாங்கிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் மட்டும் சட்டையை எரிக்காவிட்டால் மழை ஏது, மழை இல்லாவிட்டால் இந்தக் கல்யாணம் ஏது என்று விளக்கினேன். அன்றைக்கு அவள் நனைந்துகொண்டே சித்தப்பாவைப் பார்த்தபடி நின்றதை நான் கவனித்தேன் என்றும் சொன்னேன்.

சித்தி நிமிரவே இல்லை.

"நான் மாட்டைத்தாம்லே பாத்தேன்."